மூன்று பெண்கள் மட்டுமே வேலை செய்யும் பட்டறைக்கு விசாகா குழு தேவையா?

கேள்வி: கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்துகிறேன். சம்பளப் பதிவேட்டில் ஆண்கள் 6, பெண்கள் 2. அப்ரண்டிஸ் பையன்கள் 2 பேர். காண்ட்ராக்டர் அனுப்பும் துப்புரவு அம்மா ஒருவர். 'விசாகா கமிட்டி சான்றிதழ்' 18,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். இது அவசியமா? குழுவுக்குத் தலைமை தாங்க மூத்த பெண் ஊழியர் என்று எங்களிடம் யாரும் இல்லையே?

பதில்: குழு அவசியம், சான்றிதழ் அவசியமில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை மட்டும் எண்ணச் சொல்லவில்லை. அப்ரண்டிஸும், காண்ட்ராக்டர் வழியாக வருபவரும் அதன் பார்வையில் ஊழியர்களே என்பதால் உங்கள் கணக்கு 8 அல்ல, 11. பத்துப் பேர் இருந்தாலே, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவை (விசாகா குழு என்று சொல்லப்படுவது இதுதான்) எழுத்துப்பூர்வ ஆணையால் அமைத்தாக வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

அந்தச் சான்றிதழைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். அப்படியொன்றை வாங்கி வைக்கும்படி இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. இத்தகையவர்கள் விற்பது, முன்தேதியிட்ட ஓர் ஆணையையும், நிறுவனத்துக்கு வெளியிலிருந்து குழுவில் இருக்க வேண்டிய 'வெளி உறுப்பினர்' என்று தங்களுக்குத் தெரிந்த ஒருவரின் பெயரையும்தான். நான் பார்த்த ஒரு பட்டறையில் புகார் வந்த அன்று, பீரோவின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து வெளி உறுப்பினருக்குப் போன் செய்தபோது, அந்த அம்மையார் "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். புகார் கொடுத்த பெண் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வெளி உறுப்பினருக்கு விதிகள் குறிப்பிடும் படித்தொகை, குழு கூடும் நாளொன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவுமே. பெண்கள் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனத்தவரையோ, தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரையோ நீங்களே நேரில் பார்த்துக் கேட்கலாம்.

தலைமைக்கு ஆளில்லை என்பதைக் காரணமாகக் காட்டிக் குழுவையே தள்ளிப்போடுபவர்கள் பலர் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூத்த நிலையில் பெண் ஊழியர் இல்லையென்றால் உங்கள் வேறு அலுவலகத்திலிருந்தோ, வேறு பணியிடத்திலிருந்தோ, அதுவும் இல்லையென்றால் வேறொரு நிறுவனத்திலிருந்தோ ஒருவரை நியமிக்கச் சட்டமே இடம் தருகிறது. ஆகவே, பக்கத்து யூனிட்டில் மேலாளராக இருக்கும் ஒரு பெண்மணியை அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதத்துடன் தலைவராக்கலாம். உங்கள் மனைவியின் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அவர் பங்குதாரர் என்றால் முதலாளி ஆகிவிடுகிறார். பங்குதாரர் இல்லையென்றாலும் நடுநிலை எங்கே என்று முதல் விசாரணையிலேயே கேட்பார்கள். தலைவர், உங்கள் ஊழியர்கள் இருவர், வெளி உறுப்பினர் ஆகிய நால்வரில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது.

ஆணையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். குழுவின் ஆண்டறிக்கை, இந்தச் சட்டத்துக்கென அரசு நியமிக்கும் மாவட்ட அலுவலருக்குப் போக வேண்டும். 2013இல் வந்த சட்டத்துக்கு, மாவட்ட அலுவலர்களை நியமியுங்கள் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. சிறு பட்டறைக்காரர் மட்டும் எல்லாவற்றையும் நாள் தவறாமல் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. ஆனாலும் அறிக்கையை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரித்து நேரில் கொடுத்து, தேதி முத்திரையுடன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.