வயதானால் மூளைக்குச் சக்தி கொடுக்கும் துணைச் செல்களுக்கு என்ன ஆகிறது?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது. காரைக்குடியில் இருக்கும் அப்பத்தாவுக்கு 84 வயது. நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் இளையாத்தங்குடியில் தொடங்கி மூச்சு விடாமல் சொல்வார். போன வருஷத்திலிருந்து ஏழிலோ எட்டிலோ நின்றுவிடுகிறது. "மூளைக்குச் சர்க்கரைதானே சாப்பாடு, அது பத்தாமத்தான் மறக்குறாக" என்று சித்தப்பா தினமும் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அப்பத்தாவுக்கோ இருபது வருஷமாகச் சர்க்கரை நோய். உயிர்வேதியியல் படித்த எனக்குப் பதறிவிட்டது.

சித்தப்பா சொன்னதில் பாதி சரி. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை இருந்தால் மட்டும் போதாது. எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் விசேஷம் என்றால் முகப்பில் ஆள் நிறைந்திருக்கும், சமையல் பின்கட்டில் நடக்கும். மூளைக்கு அந்தப் பின்கட்டு, ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்கள். ரத்தக் குழாயைப் பாதங்களால் பற்றிக்கொண்டு குளுக்கோஸை வாங்குகின்றன. கொஞ்சத்தைக் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாக வைத்துக்கொள்கின்றன. மீதியை லாக்டேட் என்ற எரிபொருளாக மாற்றி நரம்புச் செல்களுக்குக் கொடுக்கின்றன. 1994-இல் பெல்லெரின், மாஜிஸ்ட்ரெட்டி என்ற விஞ்ஞானிகள் முன்வைத்த கருத்து இது. நரம்புச் செல்கள் குளுக்கோஸையும் நேரடியாக எடுத்துக்கொள்ளும், எது எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் 2011-இல் வந்த ஓர் ஆய்வு என்னை உலுக்கியது: எலிகளின் மூளையில் கிளைகோஜன் உடைவதைத் தடுத்தபோது, கற்றது நெடுநாள் நினைவாகத் தங்கவில்லை. லாக்டேட் கொடுத்ததும் தங்கியது.

சரி, வயதாகும்போது? எலிகளில் பார்த்தவரை, ஆஸ்ட்ரோசைட்டுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா குளுக்கோஸைத் தனக்கே அதிகம் எரித்துக்கொள்ளத் தொடங்குகிறது. பந்திக்குப் போகவேண்டியது பின்கட்டிலேயே தீர்ந்துவிடுகிற மாதிரி. அப்புறம், மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா. வயதான சுண்டெலிகளில், அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளான்டின் இ2-வின் பிடியில் காவல் செல்கள் குளுக்கோஸைக் கிளைகோஜனாகப் பூட்டி வைத்துக்கொள்வதாக 2021-இல் காட்டினார்கள். சாமான் அறை நிறைய அரிசி, சாவிதான் இல்லை. புரோஸ்டாகிளான்டின் தரும் அந்தச் சமிக்ஞையைத் தடுத்ததும் கிழட்டுச் சுண்டெலிகளின் நினைவாற்றல் தேறியது. மனிதருக்கு இது மருந்தாகிவிடவில்லை. ஆனால் முதுமை மறதி என்றாலே செல்கள் செத்துவிட்டன என்று கைவிடுகிறோமே, அது தவறு என்று நினைக்க இதுவே எனக்குப் போதும்.

அப்பத்தாவின் மறதிக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. குளுக்கோஸை நிறுத்தச் சொன்னேன், டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சர்க்கரை அளவைச் சீராக்கினோம். ரொம்பக் கூடினாலும் குறைந்தாலும் மூளைக்கு ஆகாது. சாயங்காலம் சித்தப்பாவே கையைப் பிடித்து நடக்கக் கூட்டிப்போகிறார்.

நேற்றுக் காலை எட்டுக் கோயில் சொன்னார். வேலங்குடியை நான் எடுத்துக் கொடுத்தேன்.