சந்திரதாலுக்கு வண்டி போய்விடும், உடம்பு?

கேள்வி: நானும் என் மச்சானும் இரண்டு நண்பர்களும் ஆகஸ்டில் இமாச்சல் போகிறோம். கையில் இருப்பது ஒரு பழைய பொலேரோ, ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. மணாலியில் ஒரு ராத்திரி, மறுநாளே சந்திரதால் ஏரிக்கரையில் டென்ட். வழியில் ஓடைகளைத் தாண்ட வேண்டுமாம். மழை நாளில் கணேசபுரம் சப்வே தண்ணீரிலேயே ஓட்டியவர்கள் நாங்கள், சமாளித்துவிடுவோம் இல்லையா சார்?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: பொலேரோ தாராளமாகப் போகும். டெம்போ டிராவலரே போய்வருகிற பாதை அது. எனக்குப் பயமெல்லாம் அந்த 'மறுநாளே'தான். மணாலி ஏறக்குறைய 2,000 மீட்டர், சந்திரதால் சுமார் 4,250. அங்கே காற்றழுத்தம் உங்கள் திருவொற்றியூர் கடற்கரையில் இருப்பதில் 60 சதவீதம் போலத்தான், மூச்சில் உள்ளே போகிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பார்கள் மலைநோய் தெரிந்த டாக்டர்கள். நீங்கள் ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறிப்போய்த் தூங்கப் பார்க்கிறீர்கள்! தலைவலி, வாந்தி, தூக்கமின்மையோடு போனால் பரவாயில்லை. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடுராத்திரி என்று பார்க்காமல் உடனே கீழே இறங்கியாக வேண்டும், அந்த ரோட்டில் அந்த இருட்டில்.

அதனால் வழியைத் திருப்பிப் போடுங்கள். சிம்லா, கல்பா, டாபோ என்று ஒவ்வோர் ஊரிலும் தங்கி, காசாவில் இரண்டு ராத்திரி இருந்துவிட்டு, லோசர் வழியாக குன்சும் கணவாய் தாண்டி ஏரிக்குப் போங்கள். திரும்பும்போது பாத்தல், சத்ரு, கிராம்பு என்று இறங்கி, 2020ல் திறந்த அடல் சுரங்கப்பாதையில் நுழைந்து வெளியே வந்தால் மணாலி பக்கம்தான். டீசலைக் காசாவிலேயே ஃபுல்லாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதை விட்டால் அந்தப் பாதையில் மணாலி வரை பங்க் இல்லை. நாலைந்து நாள் கூடும்தான். லீவு கிடைக்காது என்றால் இந்த வருஷம் ஏலகிரியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒன்றும் தப்பில்லை.

ஓடை விஷயம். கணேசபுரத்தில் நிற்கிற தண்ணீர், அடியில் தார் ரோடு. (அதில் வண்டியை இறக்கியதே வீரம் இல்லை, அது வேறு கதை.) இங்கே ஓடுகிற தண்ணீர், அடியில் உருண்டைக் கல். பனி உருகி வருவதால் காலையில் சாதுவாக இருக்கிற ஓடை, வெயில் ஏற ஏற மத்தியானத்துக்குமேல் பெருகிவிடும். விடியற்காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் தாண்டிவிடுங்கள். முன்னால் ஒரு லாரியோ டாக்சியோ போனால் அது எந்தத் தடத்தில் போகிறது என்று பார்த்து, ஃபர்ஸ்ட் கியரில் சீராகப் போங்கள், நடுவில் நிற்கவும் வேண்டாம், கிளட்சை மிதிக்கவும் வேண்டாம். உள்ளூர் டிரைவரே தயங்கி நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

ஏரிக்கரையில் டென்ட் போட அனுமதி இல்லை, 2005லிருந்து அது ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் உள்ள ஈரநிலம். கேம்ப் எல்லாம் சில கிலோமீட்டர் முன்னாலேயே இருக்கும், வண்டியும் கரை வரை போகாது, கடைசியில் கொஞ்சம் நடைதான். போன் சிக்னலை மறந்துவிடுங்கள். 2023 ஜூலையில், கோடைச் சீசனிலேயே, பனி கொட்டி சுமார் 300 பேர் அங்கே மாட்டிக்கொண்டு அப்புறம் மீட்கப்பட்டார்கள், அதனால் கையில் ஒன்றிரண்டு நாள் உபரியாக இருக்கட்டும். ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும் சேர்ந்துகொள்ளும், செப்டம்பர் எவ்வளவோ மேல், குளிர் மட்டும் கடிக்கும்.

கேள்வி: நாங்கள் பெண்கள் நாலு பேர் ரயிலில் டெல்லி போய் அங்கிருந்து டாக்சியில் சந்திரதால் ஏரிக்குப் போகப் பார்க்கிறோம். அரிசி, கருவாடு, சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப்போனால் சமைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, காசிமேடு

பதில்: கருவாடு எடுத்துப் போங்கள், ஆனால் நன்றாக மூடிக் கட்டுங்கள், இரண்டு ராத்திரி ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் பாவம். கேஸ் கேன் ரயிலில் கூடாது, சிம்லாவிலோ மணாலியிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாத்திரத்தில் வைத்த சோறு லேசில் வேகாது, அதனால் மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் கட்டாயம். அடுப்பைக் கேம்ப்காரரிடம் கேட்டுவிட்டு டென்டுக்கு வெளியே மூட்டுங்கள், மூடிய டென்டுக்குள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். சட்டி கழுவ ஏரிக்குப் போகாதீர்கள், முள்ளையும் குப்பையையும் பையில் கட்டி டாக்சியிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.