பனையேறியும் எட்டு விரலும்

மதிப்புக்குரிய ஐயா,

உப்புவெளியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். "மீன்கள் தரையில் நடப்பதற்காகக் கால்களைப் பெற்று ஈரூடகவாழிகள் ஆயின" என்று நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஏன் ரீச்சர் ஐந்து விரல்? ஆறு ஏன் இல்லை?" என்றான். அது பரீட்சைக்கு வராது என்று இருத்திவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. அவனுக்கு என்ன சொல்வது? நம் தசாவதாரம் மச்சத்தில் தொடங்குவதும் இதைத்தானே சொல்கிறது? திருகோணமலையின் சுவாமி மலைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் உயிர்ச்சுவடு ஏதும் பார்க்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள ரீச்சர்,

சுவாமி மலையை முதலில் முடித்துவிடுகிறேன். அது குவார்ட்சைட். நிலத்துக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை. முதுகெலும்புள்ள எதுவும் தரையில் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே வெந்து முடிந்துவிட்டது. கோணேசரைக் கும்பிட்டு, கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள். தசாவதாரம் புராணம். அதற்கு டார்வினின் சிபாரிசுக் கடிதம் எதற்கு?

எனக்குக் கோபம் வந்தது உங்கள் நோட்ஸில் உள்ள ஒரு சொல்லின் மேல்தான். 'நடப்பதற்காக'. அந்த 'ஆக'வை நான் சில மாதங்களாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன். பரிணாமத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், கேட்காமலே வந்து வினைச்சொல்லின் வாலில் தொங்குகிறது. ஏதோ ஒரு மீன் கரையைப் பார்த்து ஏங்கி, தச்சனிடம் சொல்லிக் கால் செய்வித்ததுபோல.

என் அம்மம்மா வீடு தம்பலகாமத்தில். மாரி தொடங்கி முதல் பெருமழை விழுந்த அன்று வயல் வரம்பில் பனையேறி மீன் ஏறும். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. குந்தியிருந்து பார்த்தேன். மீன் ஒரு பக்கமாகச் சரிந்து செவுள்மூடியை விரித்தது. அதன் விளிம்பில் வாள் பல்லுப்போல முள். அது புல்லின் அடியில் குத்திப் பிடித்ததும் வாலால் ஒரு தள்ளு. அப்புறம் மற்றப் பக்கம். மூச்சுக்கும் அதற்குக் கவலையில்லை; செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. "அம்மம்மா, மீன் கரைக்கு வந்திட்டுது!" என்று கத்தினேன். "கரைக்கு எங்க வருது? அங்கால தண்ணிக்குப் போகுது. பிடிச்சுக் கடகத்துக்க போடு" என்றார். பிடிக்கப்போய் உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம்.

இதே திருகோணமலையில் அரசாங்க அதிபராக இருந்த மொரிஸ் 1857இல், இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டெனன்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழுதுபட்ட குளக்கட்டு ஒன்றைப் பார்வையிடப் போயிருக்கிறார். குளத்தில் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர். பெருமழை வந்தது. மழைநீர் வழிந்த புல்லுக்குள்ளே மீன்கள் மேட்டை நோக்கி முண்டி ஏறின. தண்ணீரிலிருந்து நாற்பது யார் தூரத்தில் ஆட்கள் அவற்றை அள்ளினார்கள். விட்டிருந்தால் மேட்டைத் தாண்டி மறுபக்கத்துத் தண்ணீரில் இறங்கியிருக்கும் என்கிறார். அம்மம்மா சொன்னதையே அதிபர் இங்கிலிஷில் எழுதியிருக்கிறார்.

அமெரிக்க உயிர்ச்சுவடு ஆய்வாளரான அல்பிரட் ரோமரும் அம்மம்மா கட்சிதான். குளம் வற்றும்போது அடுத்த குளத்துக்குப் போகக் கால் உதவியது, அதாவது தண்ணீரில் தொடர்ந்து வாழவே கால் வந்தது என்றார். எனக்கு மிகவும் பிடித்த கருத்து. ஆனால் அதற்குள்ளும் தரையில் நடக்கும் கால்தான் இருந்தது.

1987இல் உயிர்ச்சுவடு ஆய்வாளர் ஜென்னி கிளாக் கிழக்குக் கிரீன்லாந்துக்குப் போய் அகாந்தொஸ்டெகா என்ற பழம்பிராணியின் எலும்புகளை எடுத்து வந்தார். வயது சுமார் 365 மில்லியன் ஆண்டுகள். நான்கு கால், தெளிவான விரல்கள். ஆனால் உள்ளே மீனின் செவுள், பின்னால் துடுப்பு விரிந்த வால். மணிக்கட்டோ உடம்பைத் தாங்காது. தண்ணீரிலேயே வாழ்ந்த பிராணிக்குக் கால்! இங்கே காலே இல்லாத பனையேறி வரம்பு ஏறுகிறது. அங்கே காலுள்ளது தண்ணீரை விட்டு வரவில்லை. உங்கள் 'நடப்பதற்காக' எங்கே போய் நிற்கும், ரீச்சர்?

ஆழமில்லாத, செடி அடர்ந்த தண்ணீரில் துழாவி நகர உதவிய உறுப்பு அது. பின்னால் வந்த தலைமுறைகளுக்குத் தரையிலும் உதவியது. அம்மிக்குழவியால் சுவரில் ஆணி அடிக்கிறோம். குழவி ஆணி அடிப்பதற்காக வந்ததல்ல. (இந்த உவமையிலும் குழவியைச் செதுக்கிய ஒருவன் இருக்கிறான். எப்படித் துரத்தினாலும் அந்த 'ஆக' திரும்பி வந்துவிடுகிறது.)

ஒன்று செய்யுங்கள். சந்தையில் முழுப் பாரை ஒன்று வாங்கி வகுப்புக்குக் கொண்டுபோங்கள். செவுள்மூடியைத் தூக்கினால் பின்னால் வளைந்த எலும்பு தெரியும். அதுதான் தோள். மேல்நுனியில் மண்டையோட்டுடன் கோத்திருக்கும். அதனால் மீன் தலையை மட்டும் திருப்ப முடியாது, உடம்பே திரும்ப வேண்டும். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த, 375 மில்லியன் ஆண்டுப் பழைய டிக்டாலிக்கில் இந்தத் தொடர்பு விட்டுப்போயிருந்தது. செதிலும் துடுப்பும் உள்ள ஒரு மீனுக்குக் கழுத்து. பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு குழம்பு வையுங்கள்.

உங்கள் கேள்வியை மறந்தே போனேன். விரல்.

அந்தப் பையனை இருத்தினீர்களே, அது உங்களுக்கு அழகா? என்னையும் ஒருவர் இப்படி இருத்தியிருக்கிறார். ஐம்பது வருடமாகியும் அந்த வாங்கின் சூடு ஆறவில்லை. ஐந்துதான் விதி என்று உலகத்து நிபுணர்களே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அகாந்தொஸ்டெகாவின் முன்காலை 1990இல் விவரித்தபோது அதில் இருந்தவை எட்டு விரல்கள். இன்னொரு பழம்பிராணியான இக்தியோஸ்டெகாவின் பின்காலில் ஏழு. ரஷ்யாவில் கிடைத்த டுலர்பெட்டானுக்கு அவன் கேட்ட அதே ஆறு. ஐந்து பிறகு நிலைத்தது.

நாளைக்கே அவனை எழுப்பி இதைச் சொல்லுங்கள். பரீட்சைக்கு வராதுதான்.