ரஃப் நோட்டு எங்கே? – ஒரு டீச்சரின் கடிதம்

வணக்கம் சார்,

நான் ஒன்பதாவது, பத்தாவதுக்குத் தமிழ் எடுக்குறேன். போன மாசம் 'மறக்க முடியாத ஒரு நாள்'னு கட்டுரை எழுதிட்டு வரச் சொன்னேன். எப்பவும் ரெண்டு வரி தாண்டாத ஒரு பொண்ணு மூணு பக்கம் டைப் பண்ணிக் கொண்டு வந்துச்சு. சந்தேகப்பட்டு, மனுஷன் எழுதினதா மெஷின் எழுதினதான்னு சொல்ற ஏஐ டிடெக்டர்ல போட்டேன், 90 சதவீதத்துக்கு மேல மெஷின்னு காட்டுச்சு. கிளாஸ்லயே திட்டி ஜீரோ போட்டுட்டேன். "நானேதான் எழுதினேன் மிஸ்"னு அழுதுச்சு. மறுநாள் பார்த்தா, நான் பாராட்டிப் படிச்சுக் காட்டின இன்னொரு பையனோட கட்டுரைதான் முழுக்க சாட்ஜிபிடின்னு பசங்க சிரிக்கிறாங்க. ஸ்கூல்ல ஏஐயை மொத்தமா தடை பண்ணலாமான்னு பேசிட்டிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க?

– ஒரு தமிழ் டீச்சர்

டீச்சர், வணக்கம்.

அந்த டிடெக்டரை முதல்ல மூடி வைங்க. சாட்ஜிபிடியைச் செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரியில ஒரு டிடெக்டர் விட்டாங்க. மெஷின் எழுதினதுல 26 சதவீதத்தைத்தான் அது பிடிச்சுது, மனுஷங்க எழுதினதுல 9 சதவீதத்தை மெஷின்னு சொல்லுச்சு, இது அவங்களே சொன்ன கணக்கு. ஜூலையில துல்லியம் போதலைன்னு அவங்களே எடுத்துட்டாங்க, பெத்தவங்களுக்கே பிள்ளையை அடையாளம் தெரியலைன்னா அடுத்தவன் விக்கிற மீட்டரை எப்படி நம்புறது? அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க எழுதின டோஃபல் (இங்கிலீஷ் தேர்வு) கட்டுரைகளை ஏழு டிடெக்டர்ல போட்டுப் பார்த்தாங்க. சராசரியா பாதிக்கும் மேல மெஷின்னு வந்துச்சு! அடுத்த வார்த்தை என்னன்னு சுலபமா ஊகிக்க முடிஞ்சா அது மெஷின், இதான் இந்த மாதிரி டிடெக்டர்களோட கணக்கு, அப்ப கையில கொஞ்சம் வார்த்தை மட்டும் வச்சிக்கிட்டு தப்பு வந்துடுமோன்னு பயந்து பயந்து எழுதுற பிள்ளைதான் முதல்ல மாட்டும். (முன்னுரை, முடிவுரை, நடுவுல ஒரு மேற்கோள்னு அச்சு வார்த்துக் குடுத்தது நாமதானே, மெஷின் மாதிரி எழுதுறான்னு இப்ப கோவிச்சுக்கிறோம்.)

தடையும் வேலைக்கு ஆகாது. நியூயார்க் நகரப் பள்ளிகள்ல 2023 ஜனவரியில தடை போட்டு, மே மாசமே விலக்கிட்டாங்க. ஸ்கூல் நெட்ல தடுத்தா வீட்டு போன்ல இருக்கு, அவ்ளோதான்.

ஆனா பயன்படுத்தட்டும்னு விட்டுடலாம்னு நான் சொல்லல. என் அக்கா பொண்ணு பத்தாவது. பாட்டியைப் பத்தி ஒரு பத்தி எழுதியிருந்தா, 'பாட்டி கை எப்பவும் ஈரமா இருக்கும், என் கன்னத்தைத் தொட்டா நான் துடைச்சிப்பேன், இப்ப துடைக்க ஒண்ணும் இல்ல'ன்னு. படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்புறம் அதை ஏஐ கிட்ட குடுத்து 'நல்லா மாத்திக் குடு'ன்னு கேட்டிருக்கா. வந்தது என்ன தெரியுமா? 'பாட்டியின் அன்பு கடலினும் பெரியது, அவரது நினைவுகள் என் நெஞ்சில் என்றும் நிலைத்திருக்கும்.' ஒரு எழுத்துப்பிழை இல்ல, ஈரக் கையும் இல்ல. அவ ரெண்டாவதைத்தான் சப்மிட் பண்ணினா, மார்க்கும் அதுக்குத்தான் வந்துச்சு. எனக்கு கோவம் மெஷின் மேல இல்ல, அந்த மார்க் மேல.

நான் உங்க இடத்துல இருந்தா முதல் டிராஃப்டை கிளாஸ்லயே கையால எழுத வைப்பேன், பதினஞ்சு நிமிஷம், அசிங்கமா இருக்கட்டும், அடிச்சு அடிச்சு எழுதட்டும். அதுக்கு அப்புறம் வேணும்னா ஏஐ கிட்ட போகட்டும், ஆனா 'எழுதிக் குடு'ன்னு கேக்காம 'இதுல எது புரியல, என்கிட்ட கேள்வி கேளு'ன்னு கேக்கட்டும். ஒரு பையன் மழையில சைக்கிள் விட்டதை எழுதினா 'அப்ப கூட யார் இருந்தாங்க?'ன்னு அது கேக்கும், பதிலை இவன் தேடணும், அங்கதான் கட்டுரை வளரும். என்ன கேட்டேன், எதை எடுத்துக்கிட்டேன்னு கடைசியில ரெண்டு வரி எழுதணும், ரஃப் நோட்டும் சேர்த்துதான் மார்க். சந்தேகம் இருந்தா கூப்பிட்டு ரெண்டு நிமிஷம் பேசுங்க, 'இந்த வரி ஏன் இங்க வச்ச?'ன்னு கேளுங்க, எழுதினவன் கண்டிப்பா ஏதாவது சொல்லுவான், தப்பாவாவது.

தகவல் கட்டுரைன்னா கூடுதல் கவனம். இல்லாத புத்தகம், இல்லாத மேற்கோள் எல்லாம் அது கூசாம சொல்லும். 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க, அது சொன்ன இல்லாத வழக்குகளைக் கோர்ட்ல குடுத்து 5,000 டாலர் அபராதம் வாங்கினாங்க, படிச்ச வக்கீலுக்கே இந்த கதின்னா பதினாலு வயசுப் பிள்ளையை என்ன சொல்றது. அப்புறம் வீட்டுச் சண்டை, பேரு, அட்ரஸ் எல்லாம் அதுல கொட்டக் கூடாதுன்னும் சொல்லி வைங்க. 13 வயசுக்குக் கீழ கிளாஸ்ல வேணாம்னு யுனெஸ்கோவும் 2023ல சொல்லியிருக்கு.

அந்தப் பொண்ணு விஷயம். ஜீரோவை எடுத்துடுங்க. தனியா கூப்பிட்டு சாரி சொன்னா போதாது டீச்சர், திட்டினது கிளாஸ்லதானே. அப்புறம் அந்த மூணு பக்கத்தை இன்னொரு தடவை, மீட்டர் இல்லாம, நீங்களே படிங்க. எப்பவும் ரெண்டு வரி எழுதுற பிள்ளை மூணு பக்கம் எழுதியிருக்குன்னா அந்த நாள்ல என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரிஞ்சிக்கணும் போல இருக்கு.