வகுப்புக்கு அனுப்புங்கள், படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: தற்காலிக வளர்ப்புப் பராமரிப்பில் 9 வயதுப் பெண் குழந்தை எங்களோடு இருக்கிறாள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் அமைப்பு இலவச ஓவிய வகுப்பு நடத்துகிறது, முடிவில் கண்காட்சியும் உண்டு. புகைப்படம், வீடியோ எடுத்து வெளியிட எங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவளோ எல்லாவற்றையும் கறுப்பில் வரைகிறாள், வரைந்ததைக் கிழித்துப் போடுகிறாள். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். கறுப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெட்டியில் உடையாமல் இருந்த கிரேயான் அது ஒன்றாகக்கூட இருக்கலாம். ஒற்றைப் படத்தை வைத்து ஒரு குழந்தைக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க நம்பகமான முறை எதுவும் கிடையாது. ‘படத்தைக் கொடுங்கள், மனசைச் சொல்கிறேன்’ என்று வருகிறவர்களிடம் பணமும் கொடுக்காதீர்கள், குழந்தையையும் விடாதீர்கள். ஓவிய வகுப்பு வேறு, வரைதல் போன்ற கலைகள் வழியாக மனதுக்குத் தரும் கலை சிகிச்சை வேறு. பிரிட்டனில் பதிவு பெறாதவர் தன்னைக் கலை சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளச் சட்டமே தடை போடுகிறது. அந்தக் காவல் இல்லாத இடங்களில் வாரக் கடைசிப் பயிற்சி முடித்தவரெல்லாம் தெரபிஸ்ட் என்று அட்டை அடித்துக்கொள்கிறார்.

கிழிப்பதைத் தடுக்க வேண்டாம். எங்கே தூங்குவது, எந்தப் பள்ளிக்குப் போவது, அம்மாவை எப்போது பார்ப்பது, எல்லாமே மற்றவர்கள் தீர்மானிப்பது. அந்தத் தாளை என்ன செய்வது என்பது மட்டும் அவள் கையில் இருக்கிறது. ‘இது யாரு, அம்மாவா?’ என்று துருவாதீர்கள். ‘இதைப் பத்திச் சொல்றியா?’ போதும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி அந்தப் படிவம். பொதுவாக அன்றாட முடிவுகள்தான் வளர்ப்புப் பெற்றோர் கையில் இருக்கும். முகத்தையும் பெயரையும் வெளியிடச் சம்மதிப்பது குழந்தையை உங்களிடம் ஒப்படைத்தவர்கள், பெற்றவர்கள், சில நேரம் நீதிமன்றம். நீங்கள் போடும் கையெழுத்து செல்லாமல் போகலாம், சிக்கல் மட்டும் உங்கள் வாசலுக்கு வரும். நன்கொடை கேட்கும் துண்டறிக்கையில் அவள் முகம் வருடக்கணக்கில் சுற்றும். வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள். யாரிடமிருந்து அவளைப் பிரித்துக் காப்பாற்றினார்களோ, அவரும் பார்ப்பார். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 31-வது பிரிவு கலையில் பங்கேற்கும் உரிமையையும் 16-வது பிரிவு அந்தரங்கத்துக்கான உரிமையையும் தருகின்றன. ‘கையெழுத்து இல்லையென்றால் வகுப்பு இல்லை’ என்றால் அது குழந்தைக்காக நடக்கும் வகுப்பே இல்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ‘என் படத்துக்குக் கீழே என் பேர் வரணும்’ என்று அவளே ஆசைப்படலாம். அதே உடன்படிக்கையின் 12-வது பிரிவு அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்கிறது. அப்போது முதல் பெயர் மட்டும் போடலாம், அல்லது அவளே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். அவள் வரைந்த படம் இருக்கட்டும், அவள் முகம் வேண்டாம். ‘பராமரிப்பில் வாழும் குழந்தைகள்’ என்ற பலகை அந்த அரங்கில் எங்குமே இருக்கக் கூடாது. கண்காட்சி அன்று காலையில் இன்னொரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இத்தனைக்கும் மேலே அதிகாரிகளின் அனுமதி எழுத்தில் வேண்டும். இன்றே கடிதம் கொடுத்துவிடுங்கள். சமூகப் பணியாளர் மாறியிருப்பார், புதியவர் கோப்பைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார், பதில் வருவதற்குள் வகுப்பே முடிந்துவிடும். ஒரு குழந்தை தன் பெயரை எழுதிக்கொள்ள இவ்வளவு காத்திருக்க வேண்டுமா என்றால், கூடவே கூடாது. ஆனாலும் அந்தக் கடிதம் இல்லாமல் இறங்காதீர்கள்.

அப்புறம், சேர்க்கும் முன் நடத்துகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நடுவில் அவள் வேறு வீட்டுக்கு மாறினால் வகுப்பைத் தொடர முடியுமா? படங்களெல்லாம் அவளோடு போகுமா, அலுவலகச் சுவரில் தங்கிவிடுமா? படங்கள் அவளுடையவை. இதற்கு ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் வேறு வகுப்பு தேடுங்கள்.