534 விக்கெட்டைக் காட்டினால் வாதம் முடிந்துவிடுமா?

வாசகர் கேள்வி: ஒருநாள் போட்டிகளின் தலைசிறந்த பந்துவீச்சாளர் யார் என்று எங்கள் நண்பர்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒருவரை எடுத்துப் பேச வேண்டும். என் தேர்வு மெக்ராத். ஆனால் ஒரு நண்பர் முரளிதரனின் 534 விக்கெட்டைச் சொல்லி எல்லோர் வாயையும் அடைத்துவிடுகிறார். இன்னொருவர் வாசிம் அக்ரம் தவிர வேறு பெயரே சொல்ல மாட்டார். எந்தப் புள்ளிவிவரத்தை எப்படிப் படித்துப் பேசினால் எடுபடும்?

பதில்: முதலில் அந்த 534-ஐக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். முரளி ஆடியது 350 ஆட்டங்கள். ஷேன் பாண்ட் காயங்களோடு போராடி 82 ஆட்டங்கள்தான் ஆடினார், 147 விக்கெட் எடுத்தார். அத்தனை வருடம் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டு ஆடுவதும் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் மொத்த எண்ணிக்கை முதலில் சொல்வது ஒருவர் எவ்வளவு காலம் ஆடினார் என்பதை. எவ்வளவு நன்றாக வீசினார் என்பதற்கு வேறு எண்கள் வேண்டும்.

அடுத்து எல்லோரும் எடுப்பது சராசரி. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு. டெஸ்டில் இது நல்ல அளவுகோல். ஒருநாள் போட்டியில் இது ஆளை ஏமாற்றும். முரளியின் சராசரி 23.08, பிரெட் லீயின் சராசரி 23.36. அதை மட்டும் பார்த்தால் இருவரும் ஒரே மாதிரி என்று தோன்றும். சராசரியைப் பிரித்துப் பாருங்கள். முரளி ஓவருக்கு 3.93 ரன் கொடுத்து, 35 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார். லீ ஓவருக்கு 4.76 கொடுத்து, 29 பந்துக்கு ஒன்று எடுத்தார். இதைப் பத்து ஓவருக்குப் பெருக்கினால் முரளி சுமார் 39 ரன்னுக்கு 1.7 விக்கெட், லீ சுமார் 48 ரன்னுக்கு 2 விக்கெட். கூடுதலாகக் கிடைத்த மூன்றில் ஒரு பங்கு விக்கெட்டுக்கு லீயின் அணி எட்டு ரன் அதிகம் கொடுத்திருக்கிறது. அதாவது முழு விக்கெட் ஒன்றுக்கு சுமார் 25 ரன்.

அந்த விலை மலிவா, அதிகமா? யாருடைய விக்கெட், எந்த ஓவரில் விழுந்தது என்பதைப் பொறுத்தது. ஐந்தாவது ஓவரில் தொடக்க ஆட்டக்காரர் போனால் 25 ரன் கொள்ளை மலிவு. 49-வது ஓவரில் ஒன்பதாவது ஆள் தூக்கி அடித்து கேட்ச் ஆனால் அதற்கு அந்த மதிப்பு இல்லை. லீ புதுப் பந்தில் எடுத்தவை ஏராளம் என்பதால் அவரை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. (உங்கள் முரளி நண்பரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.)

இங்கேதான் விஷயம் இருக்கிறது. டெஸ்டில் ஒரு பந்துவீச்சாளர் நாள் முழுக்க வீசலாம். ஒருநாள் போட்டியில் அதிகபட்சம் பத்து ஓவர்தான், அந்தப் பத்தும் எப்போது என்பதைப் பெரும்பாலும் தலைவர்தான் முடிவு செய்கிறார். நடு ஓவர்களில் ஃபீல்டர்கள் எல்லையோரம் பரவி நிற்பார்கள், மட்டையாளர்கள் ஒன்று இரண்டாகச் சேர்ப்பார்கள். அங்கே வீசுபவரின் எகானமி (ஓவருக்குக் கொடுக்கும் ரன்) தானாகவே அடங்கி இருக்கும். கடைசிப் பத்தில் எல்லோரும் சுழற்றுவார்கள், ரன்னும் எகிறும், விக்கெட்டும் கொட்டும். ஆகவே டெத் ஓவர், அதாவது கடைசி ஓவர்களில் வீசுபவரின் எகானமி அவர் திறமையைக் குறைத்துக் காட்டும், ஸ்ட்ரைக் ரேட் (விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்ற கணக்கு) அதைக் கூட்டிக் காட்டும். மலிங்காவின் 5.35-ஐப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அவர் எந்த ஓவர்களை வீசினார் என்று கேட்பதில்லை. 2007 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு நாலே நாலு ரன் தேவைப்பட்ட நேரத்தில் அவர் நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தார். ஆட்டத்தை இலங்கை தோற்றது, அது வேறு கதை.

இந்த இடத்தில் என் சொந்தப் பலவீனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சக்லைன் முஷ்டாக். ஆஃப் ஸ்பின்னர். ஆனாலும் கடைசி ஓவர்களில் அவர் கையில் பந்தைக் கொடுப்பார்கள், தூஸ்ரா (ஆஃப் ஸ்பின் போலவே வந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) எங்கே வரும் என்று தெரியாமல் பெரிய அடிக்காரர்களே திணறுவார்கள். 169 ஆட்டங்களில் 288 விக்கெட், சராசரி 21.78. விக்கெட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட பந்துகள் 30.4. ஒருநாள் போட்டிகளில் 13 முறை ஐந்து விக்கெட் எடுத்து சாதனை வைத்திருக்கும் வக்கார் யூனிஸின் கணக்கு 30.5. வக்காரும் ஒரு ஆஃப் ஸ்பின்னரும் ஒரே வேகத்தில் விக்கெட் எடுத்திருக்கிறார்கள்! இந்த மாதிரிப் பட்டியல்களில் சக்லைன் பெயர் ஏன் இவ்வளவு அரிதாக வருகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, காலத்துக்கு வருவோம். ஜோயல் கார்னரின் எண்கள் யாரையும் மிரட்டும்: 98 ஆட்டம், 146 விக்கெட், சராசரி 18.84, எகானமி 3.09. 1979 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 38 ரன்னுக்கு 5 விக்கெட். ஆனால் அன்றைக்கு அணிகள் ஓவருக்கு நாலு ரன்னுக்குச் சற்று மேல் எடுத்தாலே போதும் என்று ஆடின. இன்றைக்கு ஐந்தைத் தாண்டியும் போதவில்லை. எனவே எகானமியைத் தனியாகச் சொல்லாமல், அந்தக் காலத்துப் பொதுவான ரன் வேகத்தில் அது எத்தனை பங்கு என்று பாருங்கள். அப்படிப் பார்த்தாலும் கார்னர் முன்வரிசையில்தான் நிற்பார், மற்றவர்களோடு உள்ள இடைவெளி மட்டும் சுருங்கும். பும்ராவோ மேலே ஏறுவார். 2023 உலகக் கோப்பை முடிந்தபோது அவர் கணக்கு 89 ஆட்டத்தில் 149 விக்கெட், ஓவருக்கு 4.59. பழைய ஆட்களோடு நேராக வைத்தால் இது சுமார்தான். அவர் பந்து வீசிய காலத்தோடு வைத்தால் அபாரம்.

விதிகளும் மாறின. 2011 அக்டோபரிலிருந்து இரு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து. ஒரு பந்து 25 ஓவர்தான் பழசாகும், ரிவர்ஸ் ஸ்விங் (பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைவது) கிட்டத்தட்டக் காணாமல் போனது. 2025-ல்தான் 35-வது ஓவரிலிருந்து ஒரே பந்து என்று திருத்தினார்கள். 2012-ல் உள்வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர்கள் நால்வர் மட்டும் நிற்கலாம் என்று ஆனபோது சுழற்பந்து வீச்சாளர்களுக்கு நடு ஓவரிலும் அடி விழுந்தது. வக்காரின் பழைய பந்து யார்க்கர்களையும் ஸ்டார்க் 2019 உலகக் கோப்பையில் எடுத்த 27 விக்கெட்டையும் ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

எதிரணி யார் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வாஸ் 19 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தது ஜிம்பாப்வேக்கு எதிராக, மெக்ராத் 15 ரன்னுக்கு 7 எடுத்தது நமீபியாவுக்கு எதிராக. உங்கள் ஆளின் அந்த நமீபியா ஆட்டத்தை நீங்களே எடுத்துப் பேசாதீர்கள், எதிர்த்தரப்பு காத்திருக்கும். அப்புறம், முரளி முழங்கையை மடக்கி எறிகிறார் என்ற பேச்சுக்குள் போகவே வேண்டாம். ஐசிசி 15 டிகிரி என்று வரம்பு வைத்து எப்போதோ முடித்த விவகாரம். அதைக் கிளறினால் உங்கள் நேரம்தான் போகும்.

இப்போது அக்ரம் நண்பருக்கு வருவோம். அக்ரமின் எகானமி 3.89, மெக்ராத்தின் எகானமி 3.88. அக்ரம் 36 பந்துக்கு ஒரு விக்கெட், மெக்ராத் 34 பந்துக்கு ஒன்று. அக்ரம் 1984-லேயே ஆட வந்துவிட்டார், ரன் வேகம் குறைந்த வருடங்கள் அவர் கணக்கில் நிறைய. மெக்ராத் 1993-ல் தொடங்கி 2007 வரை. ஆக, அதே 3.88 அவரிடம் கொஞ்சம் கனமானது. உலகக் கோப்பையில் 39 ஆட்டங்களில் 71 விக்கெட், இன்னும் யாரும் தொடாத சாதனை. 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா 360 ரன் துரத்தியபோது முதல் ஓவரிலேயே டெண்டுல்கரைத் தன் பந்தில் தானே கேட்ச் பிடித்தார். ஆட்டம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது. இதைச் சொன்னால் உங்கள் பக்கம் கை உயரும்.

அக்ரம் நண்பர் பதிலுக்கு 1992 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எடுப்பார். அக்ரம் அன்று 49 ரன்னுக்கு 3 விக்கெட். அட்டையில் பார்த்தால் சாதாரணம். ஆனால் அந்த மூன்றில் இரண்டு, ஆலன் லாம்பும் கிறிஸ் லூயிஸும், அடுத்தடுத்த பந்துகளில் ஸ்டம்ப் சிதறிப் போனார்கள். 250 வெற்றி இலக்கை நோக்கி வந்துகொண்டிருந்த இங்கிலாந்து அதோடு படுத்துவிட்டது. இதற்கு உங்களிடம் பதில் கிடையாது, தேடவும் வேண்டாம். ஒப்புக்கொண்டுவிட்டு, “புதுப் பந்து யாருக்கு?” என்று திருப்பிக் கேளுங்கள். அங்கே நீங்கள் ஜெயிக்கலாம். “கடைசி ஐந்து ஓவர் யாருக்கு?” என்று அவர் முந்திக்கொண்டு கேட்டுவிட்டால் என் ஓட்டே அக்ரமுக்குத்தான்.