அரிய நூல் வணிகரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் எது?

அரிய, பழைய நூல்களை வாங்கி விற்பவரை ஆங்கிலத்தில் 'பிப்ளியோபோல்' என்பார்கள். இன்று அபூர்வமாகவே வழங்கும் இச்சொல், கிரேக்கத்தில் நூலைக் குறிக்கும் 'பிப்ளியோன்', விற்பவரைக் குறிக்கும் 'போலேஸ்' ஆகிய இரண்டும் சேர்ந்து பிறந்தது. ஏகபோகத்தைக் குறிக்கும் 'மொனோபொலி' என்பதிலும் அதே விற்பனை வேர்தான் இருக்கிறது.

தேயிலையை ருசி பார்ப்பவர் ஒரு வாய் சாயத்தை உறிஞ்சியதுமே அது இலங்கை மலைநாட்டு நுவரெலியாவின் உயரத்தில் விளைந்ததா, கீழ்நாட்டுத் தேயிலையா என்று சொல்லிவிடுவதைப் போல, இந்த நூல் வணிகர் தாளைத் தடவி, தையலைப் பார்த்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படித்து, முதற்பதிப்பா மறுபதிப்பா என்று கணிக்கிறார். பூஞ்சணம் பிடித்தால் நூலின் மதிப்பு குறையும் என்பதால் ஈரத்தையும் கவனிப்பார். நம் லயக் காம்பராக்களின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், ஈரச் சுவரோரம் எத்தனை நல்ல நூல்கள் அப்படி அழிந்தனவோ என்று நினைக்கையில் மனம் வலிக்கிறது.

பலர் இவரை 'பிப்ளியோஃபைல்' என்று எண்ணிவிடுகிறார்கள். அது நூல்களை நேசித்துச் சேர்ப்பவரைக் குறிக்கும் சொல், விற்பவரை அல்ல.